ஆங்கிலப் பரீட்சையும் நம் மக்களும்

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் சில நாள் தயங்கியிருந்தோம். தயக்கத்தைத் தீர்த்து வைத்தவர் நம் குடியிருப்பிலே வாழும் ஒரு பாட்டியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கத்தின் படிப்பகத்திற்கு வந்த அவர், நம்மைத் தனியே அழைத்து, "ஏன் ஐயா, நான் வீட்டிலே தமிழ் பேசுகிறதால்தான் என் பேத்திக்கு இங்கிலீஷ் பரீட்சையிலே மார்க்குக் குறைகிறதா?" என்று கேட்டார்.

செய்தி இதுதான். பேத்தி செவிலியர் படிப்பில் நன்கு தேறி, இந்நகர மருத்துவமனை ஒன்றில் பணி செய்கிறவள். அயல்நாட்டிலே பணியாற்ற வேண்டுமெனில் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றில் குறித்த அளவு மதிப்பெண் பெறவேண்டும். இருமுறை எழுதினாள். கேட்டலிலும் படித்தலிலும் பேச்சிலும் தேறி, எழுத்திலே அரைப் படி குறைந்து போயிற்று. கட்டணமும் போயிற்று, மனமும் உடைந்தது. மகளின் துயரம் பொறாத தந்தை, "இனி இவ்வீட்டில் ஆங்கிலமன்றி வேறு பேச்சுக் கூடாது" என்று விதித்துவிட்டார். அன்றுமுதல் பாட்டியார் தம் வீட்டிலேயே ஊமையானார்.

இக்கேள்விக்கு உடனே "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆயினும், காரணம் காட்டாத "இல்லை" யாருக்கும் ஆறுதல் ஆகாது. ஆகவே, ஆங்கிலப் பரீட்சை என்னும் இவ்வாயில் எப்படித் தோன்றியது, நம் மக்கள் அதை எவ்வாறு கடந்தார்கள் என்பதைச் சரித்திர வழியே நோக்கி, அப்பாட்டியாருக்கும் அவர் மகனாருக்கும், அந்நிலையிலுள்ள பிற குடும்பத்தார்க்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பரீட்சை எழுதியவர் யார்?

வியப்பான செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். சென்னை மாநகரிலே பிறமொழித் தேர்ச்சிக்கென்று ஒழுங்கான பரீட்சை ஏற்பட்ட காலத்தில், அதை எழுதியவர் தமிழர் அல்லர், ஆங்கிலேயரே. கம்பெனியின் ஆட்சியிலே பணிபுரிய வந்த இளைஞர்கள் நாட்டு மொழிகளைக் கற்றாக வேண்டும் என்பதற்காக, 1812-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதற்கு முதற்காரணர் எல்லிஸ் துரை. தமிழும் தெலுங்கும் பிறவும் அங்கே கற்பிக்கப்பட்டன; பரீட்சையில் தேறினோர்க்குப் பரிசும் உயர்வும் கிடைத்தன.

அந்த இளைஞர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் நம் புலவர்கள். அக்கல்லூரியோடு தொடர்புடைய தாண்டவராய முதலியார் 1826-இல் வெளியிட்ட பஞ்சதந்திரக் கதை, தமிழ் உரைநடையின் தொடக்கக் கால நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. செய்யுளிலேயே பெரிதும் வழங்கிய நம் மொழியில், கற்பார்க்கு எளிய உரைநடை நூல் வேண்டும் என்ற தேவை பரீட்சையின் வாயிலாகவும் எழுந்தது. இதே கல்லூரியின் சூழலில்தான், தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்னும் கருத்தை எல்லிஸ் 1816-இல், காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு வரைந்த முன்னுரைக் குறிப்பிலே வெளியிட்டார்.

இங்கே நாம் கருத வேண்டுவது ஒன்று உண்டு. தமிழ் கற்ற அந்த ஆங்கிலேயர் எவரும் தம் வீட்டிலே ஆங்கிலத்தை நிறுத்திவிட்டுத் தமிழ் கற்கவில்லை. நாள்தோறும் ஒரு நேரம் குறித்து, முன்ஷி ஒருவரை அமர்த்தி, இலக்கணமும் அகராதியும் கையிலே கொண்டு, தம் மொழியின் துணையாலேயே நம் மொழியைக் கற்றார்கள்.

வேலையும் ஆங்கிலமும் பிணைந்த வரலாறு

காற்று விரைவில் திசை மாறியது. 1835-இல் மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே செல்ல வேண்டும் என்பது முடிவாயிற்று. 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு, அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றவர்க்கே முன்னுரிமை என்று தீர்மானம் செய்தார். முன்னது பள்ளியின் கதவைத் திறந்தது என்றால், பின்னது சோற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் முடிச்சுப் போட்டது. அது முதல் ஆங்கிலம் அறிவுக்காக மட்டுமன்றி அன்னத்துக்காகவும் கற்க வேண்டிய மொழியாயிற்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், "மெட்ரிக்குலேஷன்" என்னும் சொல் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் வழங்கலாயிற்று.

அந்நாளில் ஆங்கிலத்தை வென்றவர் எத்தகையோர்? இருவரை மட்டும் எடுத்துக் காட்டுவோம்.

ஒருவர் தஞ்சைத் தரணியில் 1832-இல் பிறந்த முத்துசாமி ஐயர். இளமையிலே தந்தையை இழந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் ஏவலராக இருந்தவர். தெருவிளக்கின் ஒளியிலே படித்தார் என்று அவரைப் பற்றி நம் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி வருவர். சென்னை சென்று கற்று, 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு பெற்றார். பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்தார். ஒரு ரூபாய்ச் சம்பளக்காரர் வீட்டில் ஆங்கிலம் பேச எவர் இருந்திருப்பர்? அவருக்குத் துணை நின்றது வீட்டுப் பேச்சன்று. இடைவிடாத எழுத்துப் பயிற்சியே.

மற்றொருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அக்காலத்து ஆங்கிலப் பரீட்சைகளின் உச்சியைத் தொட்டவர் இவர் எனலாம். இவர் பிற்காலத்தில் செய்தது என்ன? ஏட்டுச் சுவடிகளைத் தேடி, தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் வகுத்த உரையையும், கலித்தொகை முதலியவற்றையும் அச்சேற்றினார். ஆங்கிலத்தில் முதல்வராய் நின்றவரே தமிழின் காவலருமாய் நின்றார். ஒன்று வளர மற்றொன்று தேய வேண்டும் என்னும் எண்ணத்தை இவர் வாழ்வே மறுக்கிறது.

ஒரே ஆண்டில் இரு நிகழ்ச்சிகள்

1913-ஆம் ஆண்டு நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டில்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பிறநாட்டார் ஆங்கிலத்தில் பெற்ற தேர்ச்சியை அளப்பதற்கென்றே தனியொரு பரீட்சையைத் தொடங்கியது. அயல்நாடுகளிலே ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கென்று ஏற்பட்ட அப்பரீட்சை, மொத்தம் 12 மணி நேரம் நடந்தது. ஆங்கிலக் கட்டுரைக்கு இரண்டு மணி. இலக்கியத்துக்கு மூன்று மணி. ஒலியியலுக்கு ஒன்றரை மணி. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு அல்லது ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பு இரண்டு மணி. அம்மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பும் இலக்கணமும் சேர்ந்து இரண்டரை மணி. இவற்றோடு, சொல்வதெழுதுதலும் உரக்கப் படித்தலும் உரையாடலும் சேர்ந்து ஒரு மணி.

முதல் முறை அதை எழுதியவர் மூவரே. மூவரும் தேறவில்லை!

பரீட்சையில் தவறிய நம் பிள்ளைகள் இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். இப்பரீட்சையின் வரலாறே தோல்வியில்தான் தொடங்குகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்வரின் தாய்மொழியை அப்பரீட்சை பகையாகக் கருதவில்லை. இருமொழிக்கும் இடையே மொழிபெயர்க்கும் ஆற்றலைத் தேர்ச்சியின் ஓர் அடையாளமாகவே அது கொண்டிருந்தது.

அதே 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் நாள், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவர், அதே கேம்பிரிட்ஜுக்கு ஆங்கிலத்திலே ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் சீனிவாச ராமானுஜன். பெற்றவர் பேராசிரியர் ஹார்டி. ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர். கணிதத்திலேயே மூழ்கியிருந்து, ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறியதால் அவ்வுதவித்தொகையை இழந்தவர். ஆங்கிலத்தில் தோற்றவர் என்று ஒரு கல்லூரி ஒதுக்கிய அவரே, கேம்பிரிட்ஜுக்கு அழைக்கப்பெற்று, 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார்.

இதனால் பரீட்சை வீண் என்பது நம் கருத்தன்று. தேறியிருந்தால் அவர் பட்ட வறுமை குறைந்திருக்கும். பரீட்சை அளப்பது மனிதனை அன்று. குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த வகைப் பயிற்சி அவனிடம் எவ்வளவு இருந்தது என்பதை மட்டுமே அது அளக்கிறது. பயிற்சியைக் கூட்டலாம், ஆகவே மதிப்பெண்ணையும் கூட்டலாம்.

நம் குடியிருப்புகளின் கதை

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். 1911-இல் தில்லி தலைநகராகும் என்ற அறிவிப்பு வந்தது. அதன்பின் மத்திய அரசின் அலுவலகங்களை நாடித் தமிழர் வடக்கே வந்தார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் வணிக நிலையங்களும் இரயில்வே அலுவலகங்களும் அவர்களை ஈர்த்தன. வந்தவர் கையிலே நிலமும் இல்லை, முதலும் இல்லை. ஆங்கிலமும், தட்டச்சும், சுருக்கெழுத்துமே முதல்.

நம்முள் முதியோர்க்கு இது நினைவிருக்கும். கடைத்தெரு மாடியிலே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்; காலை ஆறு மணி முதல் இரவு வரை இயந்திரங்களின் ஓசை; கண்ணை எழுத்துக் கட்டைமேல் வைக்காமல் அடிக்கும் பயிற்சி. அரசின் தொழில்நுட்பப் பரீட்சையில் தட்டச்சுக்கு "லோயர்" என்றால் நிமிடத்துக்கு 30 சொல். "ஹையர்" என்றால் 45 சொல். பிட்மன் என்பவர் 1837-இல் வெளியிட்ட முறையைத் தழுவிய சுருக்கெழுத்திலோ, "லோயருக்கு" 80 சொல், "ஹையருக்கு" 120 சொல். ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க, மாணவர் காதால் கேட்டுக் குறியீடாக எழுதி, அதை மீண்டும் முழு ஆங்கிலமாகப் பெயர்த்தெழுத வேண்டும். ஒரு சொல்லைக் காது தவறவிட்டால் வாக்கியம் போயிற்று. இலக்கணம் தெரியாதவன் குறியீட்டிலிருந்து வாக்கியத்தை மீட்க முடியாது.

இப்பயிற்சியின் உள்ளீட்டை எண்ணிப் பாருங்கள். கேட்டல், எழுதுதல், பிழை திருத்தல், கடிகாரத்தோடு போட்டி, நாள்தோறும் குறித்த நேரம். இன்றைய ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை கேட்பனவும் பெரும்பாலும் இவையே! நம் தந்தையரும் பாட்டனாரும் இவற்றைத் தாமே பயின்றார்கள். வீடு திரும்பியதும் தமிழே பேசினார்கள். அதுமட்டுமோ? அவ்வாறு வந்தவர்கள் தம் பிள்ளைகள் தமிழை இழக்கலாகாது என்று பள்ளிகளையும் நிறுவினார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923-ஆம் ஆண்டு. பம்பாயில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது 1932-இல். ஆங்கிலத்தால் உண்டவர்களே தாய்மொழிக்கும் பள்ளி கட்டினார்கள் என்பது நம் குடியிருப்புகளின் பெருமை.

சொல்லை எண்ணிய ஆசிரியர்கள்

தாமே ஆங்கிலம் கற்பார்க்குப் பெருந்துணை செய்த நூல்கள் சில இந்திய மண்ணோடு தொடர்புடையவை. ரென், மார்ட்டின் என்னும் இருவர் பெயரால் வழங்கும் இலக்கண நூலைத் தொடாத உயர்நிலைப் பள்ளி மாணவர் நம் தலைமுறையில் அரியர். அவருள் ரென் என்பார் பம்பாய் மாகாணக் கல்வித் துறையிலே பணியாற்றியவர், நாவலாசிரியரும் ஆவார்.

அவரினும் நமக்கு இங்கு வேண்டியவர் மைக்கேல் வெஸ்டு. இவர் வங்காளத்து டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்தவர். வங்க மாணவர் ஆங்கிலத்தோடு படும் பாட்டை நேரிற் கண்டு, இருமொழிக் கல்வியைப் பற்றி 1926-இல் நூல் வெளியிட்டார். அருஞ்சொற்களைத் திணிப்பதை விட்டு, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் கனியாக 1953-இல் வெளிவந்த அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியில் ஏறத்தாழ 2000 சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில நூலொன்றில் வரும் சொற்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இச்சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெரிய அகராதியை மனப்பாடம் செய்ய முனைந்து சோர்கின்ற பிள்ளைகள் இதை உணர வேண்டும். அருஞ்சொல் ஆயிரம் அறிவதினும், வழக்குச் சொல் இரண்டாயிரத்தைப் பிழையின்றி ஆள்வது மேல்.

இன்றைய பரீட்சைகள் வந்த வழி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்விக்காகக் கடல் கடப்போர் தொகை பெருகிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர வரும் பிறநாட்டு மாணவரை அளக்க, 1964-இல் "டோஃபல்" பரீட்சை நடத்தப்பெற்றது. பிரிட்டன் 1960-களில் தனக்கென ஒரு தேர்வுத் தொகுதியை அமைத்தது. 1980-இல் அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. அதில் மருத்துவம், தொழில்நுட்பம் முதலிய துறைக்கொரு வினாத்தாள் இருந்தது. 1989-இல் ஆஸ்திரேலியாவும் கூட்டாகச் சேர, "ஐ.இ.எல்.டி.எஸ்." என்று இன்று நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பரீட்சை பிறந்தது. 1995-இல் துறைவாரிப் பிரிவுகள் நீங்கி, கல்விக்கு ஒன்று, பொதுப் பயிற்சிக்கு ஒன்று என்ற அமைப்பு ஏற்பட்டது. 2005-இல் டோஃபல் இணையவழிப் பரீட்சையானபோது பேச்சும் அதன் பகுதியாயிற்று. செவிலியர், மருத்துவர் முதலியோர்க்கென ஆஸ்திரேலியாவில் தோன்றிய "ஓ.இ.டி." என்ற தனிப் பரீட்சையும் உண்டு.

1913-இன் பரீட்சையோடு இவற்றை ஒப்பிடுக. மொழிபெயர்ப்பு நீங்கியது, இலக்கியம் நீங்கியது, இலக்கணத்துக்கென்று தனித்தாளும் இல்லை. ஷேக்ஸ்பியரை அறிவானா என்று கேட்ட காலம் போய், விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பானா, நோயாளியின் சொல்லைப் புரிந்துகொள்வாளா, தன் கருத்தைக் காரணத்தோடு எழுதுவாளா என்று கேட்கும் காலம் வந்தது. பரீட்சை மாறியதால் படிப்பும் மாறவேண்டும். பழைய முறையிலே இலக்கண விதிகளை மட்டும் உருப்போட்டுச் செல்வோர் தவறுவதற்கு இதுவே காரணம்.

தாமே படிப்பதற்கு ஒரு திட்டம்

இதுவரை கண்ட சரித்திரத்திலிருந்து, தனியே படிப்பார்க்கு நாம் பெறும் முறையைச் சுருக்கிக் கூறுவோம். ஓரளவு ஆங்கிலம் அறிந்து, வேலைக்கும் சென்றுகொண்டிருக்கும் ஒருவர், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு வாரம் படிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வாரத்தில் படிக்க வேண்டா, அளக்க வேண்டும். செல்லவிருக்கும் பல்கலைக்கழகமோ பணி வாரியமோ எந்தப் பரீட்சையை ஏற்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு கேட்கிறது என்பதை அதன் அறிவிப்பிலிருந்தே தெரிந்துகொள்க. இவை காலத்துக்குக் காலம் மாறுவன. பின்னர் முழு மாதிரித் தேர்வு ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுக. எப்பகுதியில் குறை என்று தெரியாமல் எல்லாவற்றையும் சமமாகப் படிப்பது, நோயை அறியாமல் மருந்து உண்பதை ஒக்கும். நம் பாட்டியாரின் பேத்திக்குக் குறை எழுத்தில்; எனில் அவள் நேரத்தில் பாதி எழுத்துக்கே உரியது.

இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை நாள்தோறும் பயிற்சி. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையின் கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும், வினாக்கள் 40. இதற்குச் சுருக்கெழுத்துப் பள்ளியின் முறையே சிறந்தது. வானொலிச் செய்தி ஒன்றில் இரண்டு நிமிடத்தைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறிக்க வேண்டும். படித்தலில் 60 நிமிடத்துக்கு 40 வினாக்கள். வினாவுக்கு ஒன்றரை நிமிடம்தான். எனவே நாளிதழின் தலையங்கத்தை நேரம் குறித்துப் படித்து, ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஒரு வரியில் சொல்லிப் பழக வேண்டும்.

எழுத்தில் இரண்டு வினாக்கள்: 150 சொல்லுக்குக் குறையாத ஒன்று, 250 சொல்லுக்குக் குறையாத மற்றொன்று, மொத்தம் 60 நிமிடம். இரண்டாவதற்கு முதலாவதைப்போல் இருமடங்கு மதிப்பு. ஆதலால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்க வேண்டும். வினாவுக்கு ஏற்ற விடை, கருத்தின் ஒழுங்கு, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கும் சமமாக மதிப்பிடப்படுகின்றன. அழகிய சொற்களை அடுக்கிவிட்டு வினாவை விட்டு விலகுவோர் இங்கேதான் இழக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கட்டுரை எழுதி, அறிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்துக. திருத்திய பிழைகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, அடுத்த கட்டுரைக்கு முன் அதைப் படித்துவிட்டுத் தொடங்குக. தனிப்படிப்பில் ஆசிரியரின் இடத்தில் இருப்பது இக்குறிப்பேடுதான்.

பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். நடுவே ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் சிந்திக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். இதைத் தனியே சுவரோடு பேசிப் பழகுவதினும், தோழர் ஒருவரோடு பழகுவது நன்று. நாளைக்குக் கால் மணி போதும்.

ஒன்பதாம் வாரம் முதல் பதினொன்றாம் வாரம் வரை, வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு எழுதி, மற்ற நாட்களில் அதில் கண்ட குறைகளைச் செப்பம் செய்க. பன்னிரண்டாம் வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல் குறிப்பேட்டை மட்டும் பார்த்து, வேளைக்கு உறங்கி, பரீட்சைக்குச் செல்க. இரவுப் பணி செய்யும் செவிலியர், இரண்டு மணியை நான்கு அரைமணிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். விடுமுறையன்று மட்டும் பத்து மணி படிப்பதினும், நாள்தோறும் அரைமணியேனும் தவறாது படிப்பதே பயன் தரும்.

பாட்டியாருக்கு விடை

இனிப் பாட்டியாரின் கேள்விக்கு வருவோம். தமிழால் மதிப்பெண் குறைகிறதா?

தமிழ் பேசுவோர்க்கு ஆங்கிலத்தில் சில பிழைகள் இயல்பாக நேரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின்முன் வரும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களுக்கு நிகரான உறுப்பு நம் மொழியில் இல்லை. ஆதலால் அவற்றை நாம் விட்டுவிடுகிறோம். நம் எழுத்தில் 'பின்' என்று எழுதினால் அது குத்தூசியா, குப்பைத்தொட்டியா என்று தெரியாது. ஆதலால் அவ்வொலிகளை மயங்குகிறோம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கும். ஆனால், இப்பிழைகள் வீட்டிலே தமிழ் பேசுவதை நிறுத்துவதால் நீங்குவன அல்ல. இரு மொழியின் வேறுபாட்டையும் அறிந்து, குறிப்பேட்டில் எழுதி, பயின்று திருத்துவதால் நீங்குவன. தமிழை நன்கறிந்தவனுக்கே எந்த இடத்தில் வழுக்கும் என்பது முன்கூட்டித் தெரியும்.

மேலும், எழுத்துப் பகுதியில் கேட்பவை எவை? முதியோரை யார் பேணுவது, நகரம் பெருகுவதால் வரும் நன்மை தீமை என்ன, பிள்ளைகளுக்குக் கண்டிப்பு வேண்டுமா என்பன போன்றவை. இவற்றுக்கு விடை சொல்லக் கருத்து வேண்டும். கருத்து எங்கிருந்து வரும்? வீட்டிலே பேசிப் பழகிய பேச்சிலிருந்துதான். அரைகுறை ஆங்கிலத்தில் உப்பும் புளியும் மட்டும் பேசும் வீட்டினும், தாய்மொழியில் உலக நடப்பை வாதிக்கும் வீடே கட்டுரைக்கு நல்ல பயிற்சிக் களம். பாட்டியாரோடு அரைமணி தமிழில் வாதித்துவிட்டு, அதையே நாற்பது நிமிடத்தில் ஆங்கிலமாக எழுதிப் பார்க்கட்டும் அப்பேத்தி. அதைவிட நல்ல பயிற்சியை நாம் அறியோம்.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னோம். "பரீட்சைக்குக் கட்டிய பணம் எனக்குப் பெரிதில்லை, சார். பெண் அழுவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை" என்றார் அவர். அச்சொல்லில் இருந்த அன்பை நாம் உணர்ந்தோம். தன் அன்னையின் வாயை மூடியதும் அதே அன்பால் செய்த பிழைதான் என்பதை அவரும் உணர்ந்தார் என்றே நம்புகிறோம். அடுத்த ஞாயிறன்று மூவரும் சேர்ந்தே படிப்பகத்துக்கு வந்தார்கள்.

அதன் பயனாக ஒரு சிறு ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் இருவர், வாரத்தில் மூன்று மாலை படிப்பகத்தில் அமர்ந்து, பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைத்துக் கட்டுரையும் திருத்தித் தருகிறார்கள். பேச்சுப் பயிற்சிக்கு இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறோம். கட்டணம் கிடையாது. பேத்தி மூன்றாம் முறை எழுதவிருக்கிறாள். தேறுவாளா என்று நாம் ஜோதிடம் சொல்லவில்லை. இம்முறை அவள் திட்டத்தோடு செல்கிறாள், வீட்டிலும் பேச்சு மீண்டுவிட்டது என்பதை மட்டும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இவ்வாயிலில் நிற்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பில் இன்னும் பலர் இருப்பர். அவர்கள் கூச்சமின்றிப் படிப்பகத்துக்கு வரவேண்டும். ஒருமுறை தவறியதைப் பெற்றோர் பெருங்குறையாக எண்ணலாகாது. தட்டச்சு இயந்திரத்தின்முன் அமர்ந்து ஒரு தலைமுறை நமக்கு இந்நகரில் இடம் தேடித் தந்தது. அடுத்த தலைமுறை கடல் கடந்து செல்லட்டும். செல்லும்போது ஆங்கிலத்தைக் கையிலும், தமிழை நாவிலும் கொண்டு செல்லட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் மக்கள்!